'சொறி' என்றொரு சொல்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய மொழிக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் ஆங்கில மொழி பற்றி ஏதாவது கதையுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது எங்களுக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. இந்த உரையை எழுதியவர்கள் ஒரே வகுப்பில் ஒரே வரிசையில் இருந்து படித்த நால்வர். இருவர் ஆங்கில ஆசிரியைகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் வங்கியில் கடிதப் போக்குவரத்துப் பகுதியில் முப்பது வருடம் இருந்தவர். மற்றவர் கனடாவில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவர். மேடையில் நின்று வாசிப்பவர் ஒருவர்தான் என்றாலும், 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் நால்வரையும் சேர்த்தே சொல்கிறோம் என்று கொள்ளுங்கள்.

பெரிய இலக்கியம் எதையும் எடுக்காமல் ஒரேயொரு சின்னச் சொல்லை எடுப்போம் என்று தீர்மானித்தோம். அந்தச் சொல் 'சொறி'. தமிழ்நாட்டில் 'சாரி' என்று எழுதுவார்கள். நாங்கள் லொறி என்று எழுதுவது போலச் 'சொறி' என்று எழுதுகிறோம். தமிழில் அதற்கு வேறொரு பொருளும் இருப்பதால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தச் சிரிப்புக்கும் இந்தச் சொல்லின் பிறப்புக்கும் தற்செயலான ஓர் உறவு இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம். இந்தச் சொல்லை ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதையும் கடைசியில் சொல்லுவோம்.

முதலில் பாவனை. எங்கள் காலத்து ஆங்கில ரீச்சர் கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் 'எக்ஸ்கியூஸ் மீ' என்றும் மறுபக்கம் 'சொறி' என்றும் எழுதுவார். இடைஞ்சல் செய்வதற்கு முன் சொல்வது முதலாவது, செய்தபின் சொல்வது இரண்டாவது. பஸ்ஸில் இறங்க வழி விடச் சொல்லி 'எக்ஸ்கியூஸ் மீ'. இறங்கும்போது ஒருவரின் காலை மிதித்துவிட்டால் 'சொறி'. பிரித்தானிய வழக்கில் இது இன்றும் பெரும்பாலும் சரி. அமெரிக்கர் இடித்த பின்னரும் 'எக்ஸ்கியூஸ் மீ' என்பார்கள். ஆங்கிலேயரோ மற்றவர் தங்கள் காலை மிதித்தாலும் தாங்களே 'சொறி' சொல்வார்கள். எங்களில் ஒருவர் லண்டனில் நிலக்கீழ் ரயிலில் ஒரு பெரியவரின் சப்பாத்தை நன்றாகவே மிதித்துவிட்டார். மிதிபட்டவர் முந்திக்கொண்டு 'சொறி' என்றாராம். இவர் திகைத்துப் போய் 'தாங்க் யூ' சொன்னாராம்.

கேட்டது விளங்காதபோது குரலை உயர்த்திக் கேள்வியாகச் சொல்லும் 'சொறி?' இன்னொன்று. எங்கள் ரீச்சர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். 'ஐ பெக் யுவர் பார்டன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'வட்?' என்று கேட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கடைக் கதவில் தொங்கும் 'சொறி, பூட்டிவிட்டோம்' என்பது வெறும் மரியாதைப் பூச்சு. அதில் துக்கமும் இல்லை, பிழையும் இல்லை. பெயருக்கு முன்னால் வரும்போது பொருள் முற்றாக மாறிவிடும். 'எ சொறி ஸ்டேற்' என்றால் பார்க்கச் சகிக்காத நிலை என்று அர்த்தம்.

எங்கள் பிள்ளைகள் தடுமாறும் இடம் செத்தவீடு. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து தொண்டாசிரியையாக வந்திருந்த ஓர் இளம்பெண், அப்பம்மாவை இழந்து பாடசாலைக்குத் திரும்பிய மாணவியின் கையைப் பிடித்து 'ஐ ஆம் ஸோ சொறி' என்றார். பிள்ளை பதறிப்போய், "இல்லை மிஸ், நீங்கள் ஒண்டும் செய்யேல்லை, அவவுக்கு வயது போட்டுது" என்று ஆங்கிலத்தில் சொல்ல முயன்றது. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் பிள்ளையில் பிழையில்லை. 'சொறி' என்றால் மன்னிப்பு என்று மட்டுமே நாங்கள் அதற்குப் படிப்பித்திருந்தோம்.

இங்கேதான் சொல்லின் வேர் உதவுகிறது. துக்கம் என்று பொருள்படும் 'சொறோ' என்ற சொல்லிலிருந்து 'சொறி' வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஓசை ஒத்திருந்தாலும் வேர் வேறு. 'சொறி', 'சோர்' என்ற சொல்லின் உறவு. 'சோர்' என்றால் நோவு, புண். பழைய ஆங்கிலத்தில் 'சொறி' என்றவர், உள்ளே நோகிறது, புண்பட்டிருக்கிறேன் என்றே சொன்னார். பிழை செய்தேன் என்ற பொருள் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆகவே செத்தவீட்டில் சொல்லும் 'சொறி'தான் மூத்தது, கால் மிதித்ததற்குச் சொல்வது இளையது. எங்கள் 'சொறி'யும் அவர்களுடைய புண்ணும் அயல்வீட்டார் என்பது சும்மா தற்செயல், அதில் மொழி ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

இதன் ஒத்த சொற்கள் என்று அகராதி தருபவை உண்மையில் ஒத்தவையல்ல. 'ரிக்ரெற்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இறந்தவரை நினைத்துப் புலம்புவது அதன் ஆதிப் பொருள்களில் ஒன்று. இன்று அது காரியாலயக் கடிதத்துச் சொல்லாகிவிட்டது. எங்கள் வங்கிக்காரத் தோழி சொல்கிறார், முப்பது வருடத்தில் கடன் விண்ணப்பம் மறுத்த கடிதம் எத்தனையோ எழுதினாராம், எல்லாம் 'வீ ரிக்ரெற்' என்றே தொடங்கும், ஒன்றுக்காவது ஒரு துளி வருத்தம் வந்ததில்லையாம். தொலைக்காட்சியில் படம் நின்றுபோனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று போடுகிறார்களே, அது இந்த 'ரிக்ரெற்' தமிழுடுத்தி வந்தது.

'எக்ஸ்கியூஸ்' இலத்தீனில் வழக்கிலிருந்து, குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பது. 'பார்டன்' முழுவதுமாகக் கொடுத்துவிடுவது. தண்டனையைத் தள்ளிவிடும் அதிகாரம் உள்ளவர் கொடுப்பது என்பதால் சனாதிபதி கைதிக்கு அளிக்கும் பொதுமன்னிப்புக்கு இச்சொல்லே வழங்குகிறது.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது 'அப்பொலஜி'. கிரேக்க மொழியில் அதற்குத் தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்லும் எதிர்வாதம் என்று பொருள். கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரில் சோக்கிரதீஸ் விசாரிக்கப்பட்டபோது பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலுக்கும் அதுவே பெயர். அதில் சோக்கிரதீஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க மறுக்கிறார். நான் ஏன் சரி என்று வாதிப்பதற்கான சொல், காலப்போக்கில் நான் பிழை என்று ஒப்புவதற்கான சொல்லாயிற்று. இன்றைக்கும் சிலர் 'அப்பொலஜைஸ்' பண்ணும்போது கவனித்துக் கேட்டால் பழைய கிரேக்கப் பொருளே மெல்ல எட்டிப் பார்க்கும்.

இனி இலக்கணம். மாணவிகள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், சோதனைக்கு வராது, ஆனாலும் தேவைப்படும். 'சொறி' என்பது வினையல்ல, ஒரு நிலையைச் சொல்லும் பெயரடை. நான் நோவுற்றிருக்கிறேன் என்று மட்டுமே அது சொல்கிறது. எதனால் நோவு, யாருடைய பிழை என்பதெல்லாம் அதன் பின்னால் வரும் சின்னச் சொற்களின் வேலை. 'சொறி ஃபோர்' என்று ஆளைச் சேர்த்தால் இரக்கம், நீ பாவம் என்ற மாதிரி. அதையே செய்த செயலோடு சேர்த்தால் ஒப்புதல். 'அபவுட்' சேர்த்தால் விடயத்தைச் சற்றுத் தூரத்தில் நிறுத்தலாம். 'பட்' சேர்த்தால், அதாவது 'சொறி, ஆனால்' என்றால், முன் பாதி சும்மா, பின் பாதிதான் சொல்ல வந்தது.

எல்லாவற்றிலும் பொல்லாதது 'இஃப்'. 'யாருக்காவது மனம் நொந்திருந்தால் சொறி.' நான் செய்தது நிச்சயம், உனக்கு நொந்தது நிச்சயமில்லை என்று அந்த 'இஃப்' சொல்கிறது. சிலவேளை உன் மனம்தான் மெல்லியதோ என்றும் கேட்கிறது. ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். எங்கள் கூட்டங்களின் நன்றியுரைகளில் 'ஏதாவது குறைகள் நேர்ந்திருந்தால் பொறுத்தருள்க' என்று நாங்களும் வருடாவருடம் சொல்லி வருகிறோம். குறை நேர்ந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும், போன வருடம் சோற்றுப் பார்சல் காணாமல் முப்பது பேர் பசியோடு போனார்கள்.

இந்தச் சின்னச் சொற்களுக்காக நாடுகளே மல்லுக்கட்டியிருக்கின்றன. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி, சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகில் அமெரிக்க வேவு விமானம் ஒன்றும் சீனப் போர்விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதி பெறாமல் ஹைனானில் இறங்கியது, அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அமெரிக்கா தாங்கள் பிழை செய்யவில்லை என்றது. நாளுக்கு நாள் இராசதந்திரிகள் ஒரு சொல்லைத் தேடினார்கள். 11ஆம் திகதி அமெரிக்கத் தூதுவர் கொடுத்த கடிதத்தில் 'வெறி சொறி' என்று இரண்டு இடங்களில் இருந்தது. விமானியின் இழப்புக்கு ஒன்று, வாய்மொழி அனுமதியில்லாமல் வான்பரப்புக்குள் நுழைந்து இறங்கியதற்கு மற்றொன்று. 'அப்பொலஜி' ஓரிடத்திலும் இல்லை. சீன அரசு அதைத் தன் மக்களுக்கு அறிவித்தபோது மன்னிப்புக் கோரலுக்கு மிக நெருங்கிய ஒரு சீனத் தொடரைப் பயன்படுத்தியது. அமெரிக்க அதிகாரிகள் இது மன்னிப்பல்ல, வருத்தம் என்றார்கள். 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். செத்தவீட்டுச் 'சொறி'க்கும் கால்மிதித்த 'சொறி'க்கும் இடையிலுள்ள இடைவெளியாலேயே அது சாத்தியமானது. மொழிபெயர்ப்பாளராக இருந்த எங்கள் தோழிக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம்.

அவுஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஆதிக்குடிகளின் பிள்ளைகளை அரசும் தேவாலய அமைப்புகளும் தாய்மாரிடமிருந்து பறித்து வேறிடங்களில் வளர்த்த கொடுமை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், 1970 அளவு வரையும் நடந்தது. அதுபற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. அடுத்த வருடம் மே 26ஆம் திகதியை மக்களே 'சொறி' நாளாக அனுட்டிக்கத் தொடங்கினார்கள். ஆனால் பிரதமர் ஜோன் ஹவார்ட் 1999இல் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தில் இருந்த சொல் 'ரிக்ரெற்'. ஆழ்ந்த, உண்மையான வருத்தம் என்றுதான் இருந்தது, மக்கள் கேட்ட சொல் இல்லை. ஒன்பது வருடம் கழிந்து, 2008 பெப்ரவரி 13ஆம் திகதி, புதிய பிரதமர் கெவின் ரட் அதே பாராளுமன்றத்தில் எழுந்து 'சொறி' என்றார். ஒருமுறையல்ல, திரும்பத் திரும்பச் சொன்னார். 'அப்பொலஜைஸ்' என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னார். பார்வையாளர் பகுதியில் இருந்த முதியவர்கள் அழுதார்கள்.

ஏன் அவர்களுக்கு 'ரிக்ரெற்' போதாமல் 'சொறி'தான் வேண்டியிருந்தது? எங்களுக்குத் தோன்றும் ஒரு காரணம் சொல்லலாம். அந்த ஆதிக்குடிகள் பேசும் ஆங்கிலத்தில் செத்தவீட்டுச் சடங்குகளுக்கும் துக்கம் காப்பதற்கும் 'சொறி பிஸ்னஸ்' என்று பெயர். அவர்களுக்கு அது காலை மிதித்தால் சொல்லும் சொல்லல்ல. எங்களோடு வந்து இருந்து அழு என்பதற்கான சொல். அந்த மக்கள் 'சொறி'யின் மூத்த பொருளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஜாலியன் வாலாபாக் படுகொலையின் நூறாவது ஆண்டு 2019 ஏப்ரலில் வந்தபோது, பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே பாராளுமன்றத்தில் பாவித்த சொல்லும் 'ரிக்ரெற்'. முழு மன்னிப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் அங்கேயே கேட்டார்கள். வரவில்லை. எங்கள் நாட்டிலும் ஒரு நாள் உண்டு. 2004ஆம் ஆண்டு யூலையில், அப்போதைய சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, 1983 யூலை வன்செயல்களுக்காக நாட்டின் சார்பில் தமிழ் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். இருபத்தொரு வருடம் பிந்திய சொல். இந்த மண்டபத்தில் அன்று வீடிழந்தவர்கள், அதைவிடப் பெரியவற்றை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்குப் போதுமாக இருந்ததா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்கள் நால்வருக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர், சொல்லாமல் விட்டவர்களை நினைத்தால் சொன்னது பெரிது என்கிறார். ஒருவர், சொல்லோடு நின்றுவிட்டதே என்கிறார். ஓர் இரவு முழுக்க வாதிட்டோம், தேத்தண்ணி இரண்டுமுறை வைக்க வேண்டியதாயிற்று.

சட்டத்துக்கும் இந்தச் சொல்லில் பயம் உண்டு. வாகன விபத்தில் இறங்கிப்போய் 'சொறி' சொன்னால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆகவே வாயைத் திறக்காதே என்று மேலைநாடுகளில் சொல்லிக்கொடுப்பார்கள். வைத்தியர்களும் அந்தப் பயத்தில் நோயாளியின் வீட்டாருக்கு ஒரு ஆறுதல் சொல்லும் சொல்லாமல் இருந்த காலம் உண்டு. இதை மாற்றவே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும், எங்களவர் பலர் வாழும் ஒன்ராறியோ 2009இலும் மன்னிப்புச் சட்டம் என்றே ஒன்றை இயற்றின. அதன்படி, ஒருவர் 'சொறி' என்றதைச் சிவில் வழக்கில் அவருக்கெதிரான சான்றாகக் காட்ட முடியாது. இங்கிலாந்திலும் 2006இல் வந்த ஒரு சட்டம், மன்னிப்புக் கேட்டது மட்டுமே பொறுப்பை ஏற்றதாகாது என்கிறது. மனிதர் மனிதருக்குச் 'சொறி' சொல்வதற்குச் சட்டம் போட்டு வழிவிட வேண்டியிருந்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். 'சொறி'க்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் உடனே 'மன்னிக்கவும்' என்பார்கள். எங்கள் அம்மம்மாமார் வாழ்நாளில் ஒருமுறையாவது 'மன்னிக்கவும்' என்று வாயால் சொன்னதை நாங்கள் கேட்டதில்லை. அதற்காக அவர்களுக்கு மரியாதை தெரியாது என்றில்லை. கால் தட்டுப்பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தவரைக் கவனிக்க முடியாமல் போனால் "குறை நினையாதேங்கோ" என்பார்கள். பெரிய பிழை என்றால் "பிழைதான், பொறுக்க வேணும்". செத்தவீட்டில் ஒன்றும் சொல்வதில்லை, போய்க் கையைப் பிடித்துக்கொண்டு இருந்து அழுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி இருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் 'சொறி'.

'பொறுத்தல்' என்பதைக் கவனியுங்கள். சுமப்பதற்கும் அதுவே சொல், மன்னிப்பதற்கும் அதுவே சொல். வள்ளுவரும் மன்னிப்புக்கென்று தனியாக ஓர் அதிகாரம் வைக்காமல் 'பொறையுடைமை' என்றே வைத்தார். சிங்களத்தில் 'சமாவென்ன' என்று சொல்கிறார்களே, அதுவும் பொறுமை என்று பொருள்படும் 'க்ஷமா' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. துக்கத்துக்கு அவர்களிடம் 'கனகாட்டுயி' என்று வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் முடிந்துவைத்ததை நாம் இரு மொழியாரும் பிரித்தே வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம். 'சொறி' என்பவர் தன் நோவைச் சொல்கிறார். 'பொறுத்துக்கொள்' என்பவர் மற்றவரிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறார். சுமையைச் செய்தவர் இறக்கிவைத்துவிட்டு, சுமந்தவரையே இன்னும் கொஞ்சம் சுமக்கச் சொல்கிறார். இது நாங்கள் அகராதியைப் பார்த்துக் கண்டதல்ல. ஒரு கடிதம் எழுதப்போய்க் கண்டது.

அந்தக் கதையைச் சொல்லுகிறோம் என்றுதானே தொடங்கினோம்.

1974ஆம் ஆண்டு, நாங்கள் எட்டாம் வகுப்பு. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். ஒரு நல்ல மைப்பேனை வைத்திருப்பது இன்று விலையுயர்ந்த கைத்தொலைபேசி வைத்திருப்பதைவிடப் பெரிய காரியம். எங்களில் ஒருவரிடம் அப்படியொரு பேனை இருந்தது, மாமா கப்பலில் வேலை செய்து கொண்டுவந்து கொடுத்தது. ஒரு நாள் இடைவேளைக்குப் பின் அதைக் காணவில்லை. வகுப்பில் புலமைப்பரிசில் பெற்று வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஊர் தூரம். தகப்பன் கூலி வேலை. அவளால் அப்படியொரு பேனை ஒருநாளும் வாங்க முடியாது என்பதே எங்களுக்குச் சான்றாக இருந்தது. ரீச்சர் வருமுன் அவளுடைய பையை மேசையில் கொட்டினோம். இரண்டு கொப்பி, ஒரு துண்டுப் பென்சில், தாய் சேலைத் துணியில் தைத்துக் கொடுத்த கைலேஞ்சி. பேனை இல்லை. அதற்குப் பிறகும் ஒருவரும் அவளோடு ஒரே வாங்கில் இருக்கவில்லை.

பேனை அகப்பட்டது, சொந்தக்காரியின் பையிலேயே, கிழிந்த உள்துணிக்குள். நால்வரும் அவளிடம் போனோம். "சொறியடி" என்று சிரித்துக்கொண்டு சொன்னோம். அந்தத் தவணையில்தான் ரீச்சர் 'சொறி' படிப்பித்திருந்தார், அதற்கு 'இற்ஸ் ஓல் றைற்' என்று பதில் சொல்ல வேண்டும் என்றும் படிப்பித்திருந்தார். அவள் புத்தகத்தில் உள்ளபடியே 'இற்ஸ் ஓல் றைற்' என்றாள். உச்சரிப்புச் சரியாக இருந்தது. அடுத்த தவணை விடுதிக்குத் திரும்பி வரவில்லை. ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

நூற்றாண்டு விழாவுக்குப் பழைய மாணவிகளின் முகவரிகளைத் திரட்டியபோது, நாங்கள் தேடி எடுத்த பட்டியலில் அவளுடைய பெயரும் வந்தது. எழுத வேண்டும் என்று நால்வரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எழுத மூன்று கிழமை சென்றது.

வங்கிக்காரி எழுதிய முதற் பிரதி ஆங்கிலத்தில், 'அந்தச் சம்பவத்துக்காக ஆழ்ந்து ரிக்ரெற்' என்று தொடங்கியது. கடன் மறுக்கிற கடிதம்போல இருக்கிறது என்று கிழித்தோம். இரண்டாவதில் 'உன் மனத்தை நோகடித்திருந்தால்' என்று வந்துவிட்டது. ஓய்வுபெற்ற இரண்டு ஆங்கில ஆசிரியைகள் இருந்து எழுதிய கடிதத்தில் அந்த 'இஃப்' எப்படி நுழைந்தது என்று இன்றும் விளங்கவில்லை. மூன்றாவதைத் தமிழில் எழுதினோம். 'எங்களை மன்னித்துக்கொள்' என்று முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் தோழி அதைப் படித்துவிட்டு, இது ஏவல்வினை என்றார். ஐம்பது வருடம் கழித்துக் கடிதம் போட்டு அவளுக்கு ஏவுகிறோமா என்று கேட்டார். அதையும் வெட்டினோம்.

கடைசியில் போன கடிதத்தில் செய்ததை மட்டும் எழுதினோம். 'பட்டுப்போச்சு', 'நடந்துபோச்சு' என்று ஆளில்லாமல் எழுதாமல், ஒவ்வொரு வசனத்துக்கும் எழுவாய் வைத்து எழுதினோம். நாங்கள் உன்னுடைய பையைக் கொட்டினோம். நீ எடுத்தாய் என்று நாங்கள் சொன்னோம். நீ ஏழை என்பதால் சொன்னோம். ஒரு கிழமை உன்னோடு ஒரே வாங்கில் நாங்கள் இருக்கவில்லை. பேனை அகப்பட்டபோது சிரித்தோம். அது பிழை. அதை நினைக்க எங்களுக்கு நோகிறது. பதில் எழுத வேண்டும் என்றில்லை. கீழே நான்கு கையெழுத்து.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த மேடையில் பெயர் சொல்லாமல் வாசிக்கலாம் என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள். 'பரவாயில்லை' என்றோ 'மன்னித்துவிட்டேன்' என்றோ அதில் இல்லை. கடிதம் கிடைத்தது, இரண்டு தரம் வாசித்தேன், மகளுக்கும் வாசித்துக் காட்டினேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே, ஒரு திருத்தம் என்று போட்டு, 'ஒரு கிழமை இல்லை, ஒன்பது நாள்' என்று எழுதியிருந்தாள்.

எங்களிடமுள்ள பிரதியில் அதைத் திருத்திவிட்டோம்.